தயாரித்த நிறுவனம் மறைந்த பிறகும் ஓடும் கார்கள்

அமெரிக்காவில் ஒரு தெருவில் இரண்டு பழைய கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1952ஆம் ஆண்டு செவர்லே. மற்றொன்று அதே ஆண்டில் வந்த ஹட்சன் ஹார்னெட். இரண்டுக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது; இரண்டும் இன்னும் ஓடுகின்றன. ஒரு நாள் இரண்டின் பின்விளக்குக் கண்ணாடியும் உடைந்துபோகிறது. செவர்லேக்காரர் ஒரு விற்பனைப் பட்டியலைப் புரட்டி, புதிதாகச் செய்த கண்ணாடியைத் தபாலில் வரவழைத்துவிடுவார். செவர்லே இன்றும் இருக்கிறது. அதன் பழைய மாடல்களுக்கு உதிரிபாகம் செய்து விற்பதே ஒரு பெரிய வணிகம். ஹட்சன்காரருக்கு அவ்வளவு வசதி இல்லை. அவருடைய காரைச் செய்த நிறுவனம் 1954இல் வேறொரு நிறுவனத்தோடு கலந்துவிட்டது. 1957க்குப் பிறகு ஹட்சன் என்ற பெயரில் ஒரு கார்கூட வரவில்லை. அவர் பெரும்பாலும் தேட வேண்டியது இன்னொரு ஹட்சன் வைத்திருக்கும் மனிதரை.

இந்த இரண்டாவது வகைக் காருக்கு அமெரிக்க ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் "ஆர்ஃபன் கார்". தமிழில் சொன்னால் அநாதைக் கார். கேட்பதற்குக் கடுமையான சொல்தான். ஆனால் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி நகரில் இந்த வகைக் கார்களுக்கென்றே கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். அதே ஊரில், ஒருகாலத்தில் ஹட்சன் கார் விற்ற கடை இப்போது கார் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அமெரிக்கப் பழைய கார்களைப் பற்றிப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஃபோர்டு மஸ்டாங்கிலோ செவர்லே கார்வெட்டிலோ தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வென்றவர்களின் கதை மட்டும் தெரிந்தால், அந்த நாட்டில் கார் எப்படியெல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்பது தெரியாமலே போகும். அதைத் தெரிந்துகொள்ள அநாதைக் கார்கள்தான் நல்ல வாசல் என்று நான் நம்புகிறேன்.

எது அநாதை, எது இல்லை

எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரையறை எளிதானது: காரைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை என்றால் அது அநாதைக் கார். ஸ்டூடிபேக்கர், பேக்கார்ட், ஹட்சன், நாஷ், கைசர், டக்கர் ஆகியவை இந்தப் பட்டியலில் ஐயமின்றி வரும்.

வாக்குவாதம் எல்லையில்தான் தொடங்குகிறது. எட்செல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு நிறுவனம், ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரில் 1957 செப்டம்பரில் அதை அறிமுகப்படுத்தி, 1959 நவம்பரில் நிறுத்திவிட்டது. எட்செல் போய்விட்டது, ஃபோர்டு இருக்கிறது. தாய் உயிரோடு இருக்கும்போது பிள்ளை எப்படி அநாதையாகும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. விற்ற கடையும் இல்லை, பெயரும் இல்லை, அப்புறம் தாய் இருந்து என்ன பயன் என்று மறு தரப்பு கேட்கிறது. இரண்டாவது தரப்பை ஏற்றுக்கொண்டால் 2001இல் நின்ற பிளிமத், 2004இல் நின்ற ஓல்ட்ஸ்மொபீல், 2010இல் முடிந்த பான்டியாக் எல்லாமே உள்ளே வந்துவிடும். எனக்குக் கறாரான வரையறையே சரியாகப் படுகிறது. பான்டியாக் பழுதானால் அதன் உடன்பிறப்பான வேறொரு ஜெனரல் மோட்டார்ஸ் காரின் பாகம் பல இடங்களில் பொருந்திவிடும். ஹட்சனுக்கு அப்படி ஒரு குடும்பம் இல்லை.

எந்த வரையறையிலும் அநாதை ஆகாத, ஆனால் இந்தப் பேச்சில் தவறாமல் வரும் ஒரு கார் உண்டு: செவர்லே கோர்வேர். 1960 மாடலாக வந்தது. அமெரிக்கக் கார்கள் எல்லாம் முன்னால் எஞ்சினும் தண்ணீர்க் குளிரூட்டலுமாக இருந்தபோது, இது காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டது. தொடக்க ஆண்டுகளின் பின்சக்கர அமைப்பு, வேகமாகத் திரும்பும்போது காரைக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவச் செய்யக்கூடும் என்று நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் 1965 நவம்பரில் வெளியான தம் நூலில் கடுமையாகக் குற்றம் சாட்டினார். ரசிகர்கள் இன்றும் மனம் பொறுக்காமல் சுட்டிக்காட்டுவது ஒன்று: அந்த நூல் வெளிவரும்போது, பின்சக்கர அமைப்பையே முழுதாக மாற்றிய 1965 மாடல் கடைகளுக்கு வந்துவிட்டிருந்தது. திருந்திய கார், திருந்தாத காரின் பெயரைச் சுமந்தது. 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர் அக்காலத்தின் மற்ற கார்களைவிட மோசமாகக் கட்டுப்பாடு இழக்கவில்லை என்று 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே அறிக்கை கொடுத்தது. அதற்குள் கோர்வேர் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்காக நாடர் எழுப்பிய கேள்வி தவறாகிவிடாது. தொடக்க மாடல்களைச் செவர்லே இன்னும் கவனமாகச் செய்திருக்க வேண்டும் என்பதைப் பல கோர்வேர் உரிமையாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏன் இத்தனை நிறுவனங்கள் மறைந்தன

1942 பிப்ரவரி முதல் போர் முடியும் வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கான புதிய கார் தயாரிப்பே இல்லை. 1945க்குப் பிறகு மக்கள் எந்தக் கார் கிடைத்தாலும் வாங்கத் தயாராக இருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களுக்கு வெளியே இருந்த சிறிய நிறுவனங்களுக்கும் அது நல்ல காலம். இந்தச் சிறிய நிறுவனங்களை அங்கே "சுதந்திர நிறுவனங்கள்" என்ற பொருளில் "இண்டிபெண்டென்ட்" என்பார்கள்.

அந்தப் பசி சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதன் பிறகு ஒரு கணக்கு வேலை செய்யத் தொடங்கியது. கார் உடலின் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளுக்கு ஒரு கோடி டாலர் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கார் விற்பவருக்கு ஒரு காரின் மீது விழும் அச்சுச் செலவு 10 டாலர். ஐம்பதாயிரம் கார் விற்பவருக்கு அதே அச்சு ஒரு காருக்கு 200 டாலர். சுமார் 2,000 டாலருக்கு ஒரு குடும்பக் கார் வாங்க முடிந்த காலத்தில் 200 டாலர் என்பது லாபம் முழுவதையும் விழுங்கிவிடும் தொகை. போதாததற்கு, ஆண்டுதோறும் காரின் முகத்தை மாற்றும் வழக்கத்தைப் பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பழக்கிவிட்டன. மாற்றாத கார் பழைய கார் என்று ஆனது.

1953, 1954 ஆண்டுகளில் ஃபோர்டும் செவர்லேயும் முதலிடத்துக்காக மோதிக்கொண்டன. தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓடின. கடைக்காரர்கள் தள்ளுபடி விலையில் கார்களைத் தள்ளிவிட்டார்கள். ஒருவரையொருவர் அவர்களால் வீழ்த்த முடியவில்லை. நடுவில் நசுங்கியவர்கள் சிறிய நிறுவனத்தார். 1954இல் நாஷும் ஹட்சனும் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அதே ஆண்டில் பேக்கார்டும் ஸ்டூடிபேக்கரும் சேர்ந்தன.

ஹட்சன்: பலமே சுமையான கதை

ஒரே ஒரு அநாதைக் காரைப் பற்றித்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஹட்சன் ஹார்னெட்டையே நான் கைகாட்டுவேன்.

அக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் அடியில் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன் மேல் காரின் தளத்தைப் பொருத்தி, அதன் மேல் இருக்கைகளை வைப்பார்கள். பரண் மேல் ஏறி உட்கார்வது போலத்தான். 1948 மாடலில் ஹட்சன் பொறியாளர்கள் தளத்தைச் சட்டத்தின் மேலே வைக்காமல், சட்டக் கம்பிகளுக்கு நடுவே தாழ்த்தி இறக்கினார்கள். சட்டத்தின் கம்பிகள் பின்சக்கரங்களுக்கும் வெளியே சுற்றிச் சென்றன. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டன. கதவைத் திறந்தால் வாசற்படியைத் தாண்டிக் கீழே கால் வைக்க வேண்டும். அதனால் இதற்கு "ஸ்டெப்-டவுன்" என்று பெயர் வந்தது.

கார் தாழ்வாக இருந்ததால் அதன் எடையின் மையமும் தாழ்ந்தது. வளைவில் மற்ற கார்கள் சாய்ந்து தள்ளாடும்போது ஹட்சன் தரையைப் பிடித்துக்கொண்டு போனது. 1951இல் வந்த ஹார்னெட்டில் 5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் பழைய பாணி எஞ்சின்தான். போட்டியாளர்களோ வால்வுகள் மேலே இருக்கும், எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இரண்டு கார்புரேட்டர் பொருத்தி, நன்றாகச் சீராக்கினால் அது வெறித்தனமாக இழுத்தது. 1952இல் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் முதன்மைத் தொடரில் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் வென்றது. ஹெர்ப் தாமஸ் 1951, 1953 ஆண்டுகளிலும், டிம் ஃபிளாக் 1952இலும் ஹட்சனில் ஓட்டிப் பட்டம் பெற்றார்கள்.

இப்படி வென்ற கார் ஏன் கடையில் தோற்றது? காரணம் அந்த உடல்தான். சட்டமும் உடலும் ஒன்றாக இருப்பதால் தோற்றத்தைப் பெரிதாக மாற்ற வேண்டுமானால் அடிப்படையிலிருந்தே மாற்ற வேண்டும். தனிச் சட்டம் வைத்திருந்தவர்கள் மேலே இருக்கும் உடலை மட்டும் மாற்றிப் புதிய கார் என்று காட்டினார்கள். ஹட்சன் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய அதே முகத்தோடு நின்றது. கையில் இருந்த பணத்தையும் 1953இல் ஜெட் என்ற சிறிய காரில் போட்டார்கள், அது உயரமாகவும் பொலிவில்லாமலும் இருந்தது, விற்கவில்லை. ஹார்னெட்டுக்கு வேண்டியிருந்த வி8 எஞ்சினுக்கும் புதிய உடலுக்கும் பணம் மிஞ்சவில்லை. டெட்ராய்ட் தொழிற்சாலை 1954இல் நின்றது.

அடுத்த ஆண்டு முதல் ஹட்சன் என்ற பெயரில் வந்தவை, விஸ்கான்சின் மாநிலத்து கெனோஷாவில் நாஷ் உடலில் செய்யப்பட்டவை. ரசிகர்கள் ஹட்சனையும் நாஷையும் சேர்த்து அவற்றுக்கு "ஹாஷ்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது கொத்தி வதக்கிய மிச்ச உணவையும் குறிக்கும். அதேபோல், ஸ்டூடிபேக்கர் உடலில் பேக்கார்ட் பெயர்ப் பலகை மாட்டி 1957, 1958இல் வந்த கார்களை "பேக்கார்ட்பேக்கர்" என்றார்கள். ஒரு நிறுவனம் மூடுவதைக்கூட ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பெயரை மட்டும் உயிரோடு வைத்து, பொருளை மாற்றுவதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை. இருந்தாலும் அந்தப் பேக்கார்ட்பேக்கர்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். யாரும் மதிக்காத ஒன்றை நாமாவது மதிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொரு காரணம்.

ரசிகர்கள் எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள்

எத்தனை விற்றது என்பது முதல் கேள்வியாக இருப்பதில்லை. அந்தக் கார் எதைப் புதிதாக முயன்றது என்பதுதான் முதலில் வருகிறது. அதனால்தான் புகழ்பெற்ற தோல்வியான எட்செலைப் பற்றிக் கருத்து பிளவுபடுகிறது. நடுவில் நின்ற செங்குத்தான, குதிரையின் கழுத்துப்பட்டை போன்ற முன்தட்டியைப் பார்த்து நாடே கேலி செய்தது. ஸ்டியரிங் நடுவில் பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் வசதி இருந்தது. அது அடிக்கடி பழுதானது. ஆனால் அவற்றைக் கழித்துவிட்டால் உள்ளே இருப்பது அந்நாளைய ஃபோர்டும் அதே நிறுவனத்தின் மெர்க்குரியும்தான். பொருளாதாரத் தேக்கம் வந்த 1958இல், எவருக்கும் தேவை என்று தோன்றாத விலை இடைவெளியில், அளவுக்கு மீறிய விளம்பரத்தோடு வந்து விழுந்தது. "மோசமான கார் அல்ல, தவறான நேரம்" என்பார்கள் எட்செல்காரர்கள். நான் அவர்களோடு பாதிதான் உடன்படுவேன். மோசமான கார் அல்ல, உண்மை. ஆனால் தனக்கென்று சொல்லிக்கொள்ள அதனிடம் அதிகம் இல்லை.

டக்கர் நேர் எதிர். பிரஸ்டன் டக்கர் சிகாகோவில், போர்க்கால விமான எஞ்சின் தொழிற்சாலையில், முன்மாதிரியையும் சேர்த்து 51 கார்களே செய்தார். ஹெலிகாப்டருக்கான ஃபிராங்க்ளின் எஞ்சினைத் தண்ணீர்க் குளிரூட்டலுக்கு மாற்றிப் பின்னால் வைத்தார். மூக்கின் நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கு. ஸ்டியரிங் திரும்பினால் அதுவும் திரும்பி வளைவுக்குள் வெளிச்சம் காட்டும். மோதினால் முன்கண்ணாடி வெளியே கழன்று விழும், முன்பலகைக்கு மெத்தை. பாதுகாப்பைப் பற்றி மற்றவர்கள் வாய் திறக்கவே தயங்கிய 1948இல் இதையெல்லாம் செய்தார். இன்னும் செய்யப்படாத காருக்கான துணைக்கருவிகளை முன்கூட்டியே வாடிக்கையாளர்களுக்கு விற்றது உள்ளிட்ட காரணங்களால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை தொடங்கியது, வழக்கு நடந்தது. 1950 ஜனவரியில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தபோது தொழிற்சாலை கையை விட்டுப் போயிருந்தது. பெரிய நிறுவனங்கள் சதி செய்து அழித்தன என்று ஒரு கட்சி. பணம் போதாமல், அவசரப்பட்டு, தானே அழித்துக்கொண்டார் என்று மறுகட்சி. இரண்டு கட்சியும் அந்த நடுவிளக்கைப் பார்த்தால் அமைதியாகிவிடுகின்றன.

அமெரிக்கன் மோட்டார்ஸ் 1975இல் வெளியிட்ட பேசர் என்ற காரும் இன்னொரு சுவையான கதை. குட்டையாக இருக்க வேண்டும், ஆனால் பெரிய காரின் அகலம் வேண்டும் என்று நினைத்து வடிவமைத்தார்கள். நாலாபுறமும் கண்ணாடி, மீன்தொட்டி என்று கேலிப்பெயர் வந்தது. பயணியின் பக்கத்துக் கதவு ஓட்டுநர் பக்கத்தைவிட 4 அங்குலம் நீளம். பின்னிருக்கைக்குப் போகிறவர் சாலைப் பக்கம் இறங்காமல் நடைபாதைப் பக்கமாகவே ஏறி இறங்கட்டும் என்ற அக்கறை அது. எஞ்சின்தான் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து சிறிய, லேசான ரோட்டரி எஞ்சின் வரும் என்று நம்பிக் காரை வரைந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கடைசியில் தங்களிடம் இருந்த கனமான ஆறு சிலிண்டர் எஞ்சினை உள்ளே திணித்தார்கள். சிறிய காரின் உருவம், பெரிய காரின் பெட்ரோல் செலவு. முதல் ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுவிட்டுப் பிறகு சரிந்தது. இந்தக் காரை அசிங்கம் என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. கதவின் நீளத்தில் அப்படியோர் எண்ணத்தை வைத்தவர்கள் சாதாரணமாக யோசித்தவர்கள் அல்லர்.

உயிரோடு வைத்திருப்பது எப்படி

புதிதாக இந்த உலகத்துக்குள் வருபவர்கள், எஞ்சின் பாகம்தான் கிடைக்காது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் நிலைமை வேறு. சிறிய நிறுவனங்களால் எல்லாவற்றையும் தாங்களே செய்ய முடியவில்லை. கார்புரேட்டர், மின்சாரக் கருவிகள், பிரேக் பாகங்கள் போன்றவற்றைப் பொதுவான சப்ளையர்களிடம் வாங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் தானியங்கிக் கியர்பெட்டியை ஹட்சன், நாஷ், கைசர் மட்டுமல்ல, ஃபோர்டின் லிங்கன்கூட வாங்கிப் பொருத்தியது. 1953 ஆகஸ்டில் அதைச் செய்த லிவோனியா தொழிற்சாலை எரிந்தபோது இத்தனை பேரும் சேர்ந்து தவித்தார்கள். இந்தப் பொதுப் பாகங்கள் வேறு கார்களுக்கும் போனதால் இன்றும் தேடினால் கிடைக்கின்றன.

கிடைக்காதவை அந்தக் காருக்கென்று மட்டும் செய்யப்பட்டவை: வளைந்த முன்கண்ணாடி, குரோமியப் பட்டை, விளக்கு மூடி, உள்ளலங்காரத் துணி. இவற்றுக்கு வழிகள் சிலவே. தொழிற்சாலை மூடும்போது கிடங்கில் தங்கிப்போய், இதுவரை எந்தக் காரிலும் ஏறாத பாகங்களை "நியூ ஓல்ட் ஸ்டாக்" என்பார்கள். புதிதாகவே பழசாகிவிட்ட சரக்கு. அது கிடைக்காவிட்டால் ஓட முடியாத இன்னொரு காரை வாங்கி அதிலிருந்து எடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சங்கங்கள் உறுப்பினர்களிடம் முன்பணம் திரட்டி, பழைய பாகத்தை மாதிரியாக வைத்துச் சிறிய அளவில் புதிதாக வார்க்கின்றன. அப்போது காரை உற்பத்தி செய்யும் நிறுவனமாகவே ரசிகர்கள் மாறிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே அப்படி ஆனவர்களும் உண்டு. ஸ்டூடிபேக்கர், 1852இல் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்டில் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டி செய்து, பிறகு காருக்கு வந்த நிறுவனம். சரிந்துகொண்டிருந்த நேரத்தில், 1962இல், அவான்டி என்ற காரைக் காட்டியது. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி தலைமையில் பாம் ஸ்பிரிங்ஸில் சில வாரங்களில் வரைந்த வடிவம், இழைக்கண்ணாடி (ஃபைபர் கிளாஸ்) உடல், முன்னால் காற்றுத் தட்டியே இல்லை, காற்று பம்பருக்குக் கீழிருந்து உள்ளே போகும். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். இழைக்கண்ணாடி உடல்கள் சரியாகப் பொருந்தாமல் தாமதமானதால் காத்திருந்தவர்கள் வேறு காருக்குப் போய்விட்டார்கள். 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலை நின்றது. கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை ஸ்டூடிபேக்கர் கார்கள் வந்தன. ஆனால் அவான்டி சவுத் பெண்டோடு முடிந்துவிட்டது. சுமார் 4,600 கார்கள்.

அதே ஊரில் ஸ்டூடிபேக்கர் கார் விற்றுக்கொண்டிருந்த நேட் ஆல்ட்மன், லியோ நியூமன் என்ற இருவர் அந்தக் காரை விட மனமில்லாமல் அதன் உரிமையையும் அச்சுகளையும் தொழிற்சாலையின் ஒரு பகுதியையும் வாங்கினார்கள். ஸ்டூடிபேக்கர் எஞ்சின் கிடைக்காததால் கார்வெட்டின் வி8 எஞ்சினைப் பொருத்தி, 1965 முதல் அவான்டி II என்று கையால் செய்து விற்றார்கள். பல கைகள் மாறி 2006 வரை அந்தப் பெயர் ஓடியது. செவர்லே எஞ்சின் உள்ள அவான்டியை ஸ்டூடிபேக்கர் என்று சொல்லலாமா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இருவர் செய்ததற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வண்டியும் இந்தக் குடும்பத்தில் வளர்ந்ததுதான். ஜீப்பைச் செய்த வில்லிஸ் நிறுவனத்தை 1953இல் கைசர் வாங்கியது. 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. 1987இல் அமெரிக்கன் மோட்டார்ஸையே கிரைஸ்லர் வாங்கியது. பெற்றவரும் வளர்த்தவர்களும் அடுத்தடுத்து மறைய, ஜீப் மட்டும் ஒவ்வொரு கையிலும் தப்பித்து வந்தது. மஹிந்திரா இந்தியாவில் பாகங்களைப் பொருத்திச் செய்யத் தொடங்கியது அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான். நம் மலைச்சாலைகளில் ஏறிய ஜீப்புகளின் பூர்வீகம் ஓஹியோ மாநிலத்து டொலீடோ நகரம்.

அமெரிக்காவுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு: சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரத் தொலைவில் ஆபர்ன் நகரில், ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் என்ற மூன்று அநாதைப் பெயர்களுக்கும் ஒரே அருங்காட்சியகம், ஆபர்ன் நிறுவனத்தின் பழைய காட்சிக்கூடத்திலேயே அமைந்திருக்கிறது. கண்காட்சி மைதானம் ஒன்றில் ஹட்சன் நிற்பதைக் கண்டால், அதன் உரிமையாளரிடம் குதிரைசக்தியைக் கேட்டுத் தொடங்காதீர்கள். கடைசியாக மாற்றிய பாகம் எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்திப் போட்டு, எந்த மாநிலத்தில், யாருடைய களஞ்சியத்தில், எத்தனை ஆண்டு தேடலுக்குப் பிறகு அது அகப்பட்டது என்று அவர் சொல்லத் தொடங்குவார். முடிந்ததும் கதவைத் திறந்துவிடச் சொல்லி, அந்த வாசற்படியைத் தாண்டி ஒருமுறை கால் வைத்துப் பாருங்கள்.